வாளி வைக்காதவர்

மனிதர்களில் கைநனையாதார் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மழைக்குக் குடை பிடிப்பவர்கள் அல்லர் இவர்கள். தமக்குக் குடை பிடிப்பதாக உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறவர்கள்.

அமெரிக்காவில், வர்ஜீனியாவின் ஆஷ்பர்ன் பக்கம் டேட்டா சென்டர்கள் முளைக்கிற வேகத்துக்கு இவர்களும் பெருகுகிறார்கள். லாயிட் ஹென்ஷா அதில் அசல் வித்து. கட்டுமானக் கம்பெனியின் ஒப்பந்த மேலாளர். ஜெனரேட்டர் தாமதித்தால் விற்றவன் பொறுப்பு, மண் சரிந்தால் தோண்டியவன் பொறுப்பு, பனி கொட்டினால் ஆண்டவன் பொறுப்பு என்று நூற்றெண்பது பக்கம் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, அந்தக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் காலை டோனட்டையே தின்பார். அவருடைய கம்பெனிக்கு என்ன பொறுப்பு? ஒன்றுமில்லை. அதுதான் அவருக்குப் பெருமை.

வெள்ளிக்கிழமை ஒரு டேட்டா சென்டர் கட்டடத்தை உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். தவறினால் அடுத்த இரண்டு கட்டடங்களும் வேறு கம்பெனிக்குப் போகும். லாயிடின் வேலையும் கூடவே போகும். புதன்கிழமை காலை பேட்டரி அறையில், மேலே ஓடும் குளிர்நீர்க் குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

மின்வேலைக்காரர்களின் தலைவி மார்வா ஸ்டிக்னி ஓடிப்போய் ஒரு வாளி கொண்டுவந்தார்.

"வாளிய வெச்சிடாதீங்க மார்வா. வெச்சா ஒழுகுறத நாம ஏத்துக்கிட்டதா ஆயிடும்," என்றார் லாயிட்.

"வைக்கலைன்னா பேட்டரி நனைஞ்சிடும்."

"நனையட்டும். அது குழாய்க்காரங்க பொறுப்பு. பதினாலாவது பிரிவு."

மார்வா கேட்கவில்லை, வைத்தார். பத்தே நிமிடத்தில் அவருடைய மின்வேலைக் கம்பெனிக்கு லாயிடின் நோட்டீஸ் பறந்தது. அடுத்த நிமிடம் அங்கிருந்து மார்வாவுக்குப் போன் வந்தது. வாளி வெளியே போயிற்று.

குழாய்க்காரர்கள் தாங்குகம்பி போட்டவர்களைக் கைகாட்டினார்கள். தாங்குகம்பிக்காரர்கள் கூரை போட்டவர்களைக் கைகாட்டினார்கள். சாயங்காலத்துக்குள் ஆறு கம்பெனிக்காரர்கள் தலைக்கவசத்தோடு வட்டமாக நின்று, சொட்டைப் படம் பிடித்தார்கள். தொட்டவன் கெட்டான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"லாயிட், வால்வு உங்க தலைக்கு மேலதான் இருக்கு. கைய நீட்டினா எட்டும்," என்றார் மார்வா.

லாயிட் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை பேட்டரிகள் நனைந்தன. வெள்ளிக்கிழமை ஒப்படைப்பு நடக்கவில்லை. லாயிட் கலங்கவில்லை, திங்கட்கிழமை கோப்பை விரித்து வைத்து, எங்கள்மேல் ஒரு துளி குற்றம் இருந்தால் காட்டுங்கள் என்றார். உரிமையாளர் தரப்பு அம்மாள் நூற்றெண்பது பக்கத்தையும் பொறுமையாகப் புரட்டினார்.

"ஒரு குத்தமும் இல்ல. பிரமாதமா எழுதியிருக்கீங்க. அடுத்து வர்ற கம்பெனிகிட்ட இதுலயேதான் கையெழுத்து வாங்கப் போறோம்."

அன்று மாலையே லாயிட் தன் மேசையைக் காலி செய்தார். பாவம், கடைசிவரை கை நனையவில்லை.

எங்கோ ஆஷ்பர்னில்தானே என்று நீங்கள் நிம்மதியாக இருக்க வேண்டாம். 'அடடா, அப்படியே நம்ம மைத்துனர்தான், அவருக்கு அனுப்பி வைப்போம்' என்று இப்போது உங்கள் விரல் துறுதுறுக்கிறதல்லவா? தாராளமாக அனுப்புங்கள். நேற்று முழுக்க அடுப்படிக் குழாய் சொட்டியதே, அதை மட்டும் முதலில் எழுந்துபோய் மூடிவிடுங்கள்.