கிளிக்கூண்டில் விடுபட்ட ‘க்’

இந்த ஞாயிற்றுக்கிழமை செத்தாலும் தூங்குவதில்லை என்று பிழைதிருத்துபவர் சபதம் எடுத்தார். அச்சகத்தில் இருபது வருடமாக ஊரார் எழுத்தில் ஒற்றுப்பிழை பொறுக்குகிறவர் அவர். விஷயம் லேசானதல்ல. அவருடைய சாய்வு நாற்காலியின் தலையெழுத்தே அதில் அடங்கியிருந்தது.

“மூணு மணித் துப்பறியும் தொடரை ஒருநாளாவது முழுசாப் பார்த்திருக்கீங்களா? குறட்டை விடுறதுக்கு எதுக்கு நாற்காலி? என் தம்பிக்குக் குடுத்துடலாம். அவனாவது முழிச்சுக்கிட்டு உக்காருவான்” என்றாள் மனைவி.

“இன்னிக்கு முழுசாப் பார்க்கிறேன். நீ வந்து என்ன வேணா கேளு. தப்பாச் சொன்னா நாற்காலி உன் தம்பிக்கு.”

“பேச்சு மாறக் கூடாது.”

“நான் என்ன சின்னப் பிள்ளையா?”

அவள் தையல் கடைக்குக் கிளம்பினாள். மூன்று மணிக்குத் தொடர் ஆரம்பித்தது. மாடிப்படியில் ஒரு பிணம். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். அவர் நிமிர்வதற்குள் நம்மவர் சாய்ந்துவிட்டார். விழித்தபோது டிவியில் சோப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள். மணி நாலேகால்.

நாற்காலியை நினைத்ததும் பதறியடித்துச் செல்போனை எடுத்தார். தொடரின் பக்கத்தில் பார்வையாளர் கருத்துகள் குவிந்து கிடந்தன.

‘சமையல்காரர்தான் கொன்றார் என்று முதலிலேயே சொன்னேன்’ என்றது ஒன்று. ‘பாவம் சமையல்காரர், அவரைப் போய்க் கொன்றுவிட்டார்களே’ என்றது அடுத்தது. ‘முதல் பிணம் எழுந்து நடந்தபோது கைதட்டினேன்’ என்றது மூன்றாவது. இன்ஸ்பெக்டரே கொலைகாரர் என்று ஒருவர் சத்தியம் செய்தார். இன்ஸ்பெக்டரின் சட்டை எந்தக் கடையில் கிடைக்கும் என்று இன்னொருவர் கேட்டார். செத்தது யார், கொன்றது யார், நடுவில் நடந்துபோனது யார், ஒன்றும் பிடிபடவில்லை.

கடைசியில் ஒரு கருத்து தெய்வம்போல வந்தது. எழுதியவர் பெயர் ‘ஒரு தம்பியின் அக்கா’.

‘கொன்றது பல் டாக்டர். கத்தியைக் கிளி கூண்டுக்குள் ஒளித்தது பிரமாதம். கிளியே சாட்சி சொன்னது அதைவிடப் பிரமாதம்.’

அவருக்கு உயிர் வந்தது. கூடவே கையும் துறுதுறுத்தது. ‘விழித்திரு’ என்ற புனைபெயரில் கீழே பதில் எழுதினார்: ‘அருமை, அக்கா. நானும் கிளியைக் கவனித்தேன். ஆனால் கிளிக்கூண்டு என்று ‘க்’ போட்டு எழுதவும்.’

ஐந்து மணிக்கு மனைவி வந்தாள்.

“யாரு கொன்னது?”

“பல் டாக்டர்.”

“கத்தி?”

“கிளிக்கூண்டுல. அந்தக் கிளி சாட்சி சொல்லுச்சு பாரு, கணீர்னு ஒரு குரல். எனக்கே புல்லரிச்சுப்போச்சு.”

“பல் டாக்டரும் கிளியும் எனக்குப் பொறந்ததுங்க. கடையில பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கிட்டே எழுதினேன்” என்று அவள் செல்போனை நீட்டினாள்.

அவர் செல்போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப நிஜமா யாரு கொன்னது?”

“எனக்கெப்படித் தெரியும்? நான் எங்கே பார்த்தேன்?”

“நான் இதைப் படிக்கவே இல்லையே” என்று சமாளித்தார் அவர். “எவனோ விழித்திருன்னு ஒருத்தன் எழுதியிருக்கான்.”

“வேணும்னேதான் ‘க்’கை விட்டேன். கொலைகாரனை விட்டுட்டு ‘க்’கைப் பிடிக்கிற ஆள் உலகத்துல வேற யாரு இருக்கா?”

ஒற்றைக் கண்டுபிடிக்கத் தெரிந்த மனிதருக்கு வீட்டுக்குள் இருந்த ஒற்றரைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. நாற்காலியின் கையைப் பரிதாபமாகத் தடவிக்கொடுத்தார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மச்சான் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டே உள்ளே வந்தான்.

“தனியாத் தூக்க முடியாதே, அக்கா” என்றான்.

“தனியா எதுக்குடா? இவரும் என்னை அக்கான்னுதான் கூப்பிட்டிருக்காரு” என்றாள் அவள். “ஒரு தம்பி முன்பக்கம் பிடிங்க, இன்னொரு தம்பி பின்பக்கம் பிடிங்க.”