அப்பாவின் வெள்ளைச் சட்டையும் ஐஸ்கிரீம் மூடியும்

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். நீங்கள் இரவல் கொடுத்த கேமராவும் நலம். நீங்கள் முதலில் தேடப்போவது அந்த வரியைத்தான் என்று அம்மா சொன்னதால் அதை மேலேயே எழுதிவிட்டேன்.

ஓட்டல் ஆர்டர் கைநழுவவில்லை மாமா! அம்மாவின் தையல் கடைக்கு இதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர் அது. வரவேற்பறை ஊழியர்கள் அத்தனை பேருக்கும் சாம்பல் நிறக் கோட். மாதிரிக்கு ஒன்று தைத்துப் படம் அனுப்பினால் மேனேஜர் பார்த்துச் சரி சொல்வார் என்பது ஏற்பாடு. வெளியே மழை இருட்டு. அதனால் கூடத்துக் குண்டு பல்பின் கீழ் கோட்டைத் தொங்கவிட்டு எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது. "என்னம்மா, சாம்பல் கலர் கேட்டா ரஸ்க் கலர்ல தைச்சு வெச்சிருக்கீங்க? சாயங்காலத்துக்குள்ள ஒழுங்கான படம் வரலைன்னா வேற கடையைப் பாத்துக்கறேன்." அம்மா கோட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

நான் கேமராவின் கையேட்டை எடுத்தேன். (அதன் பிளாஸ்டிக் உறையே பிரிக்கப்படவில்லையே மாமா, இத்தனை நாள் எப்படிச் சமாளித்தீர்கள்?) பல்பின் மஞ்சளை நம் கண் மன்னித்துவிடும், கேமரா மன்னிக்காது. அதே வெளிச்சத்தில் ஒரு வெள்ளைப் பொருளைப் படமெடுத்து, 'இதுதான் வெள்ளை' என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தால் மற்ற நிறங்களைத் தானே திருத்திக்கொள்ளும் என்று போட்டிருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. "இந்தத் தெருவுலயே வெள்ளைன்னா அது என் சட்டைதான்" என்று அப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றார். அந்த மார்பையே படமெடுத்துக் கேமராவுக்குப் பாடம் நடத்தினேன். பிறகு கோட்டை எடுத்தால், ரஸ்க் இளைத்து வெளிர் பிஸ்கட் ஆகியிருந்தது, அவ்வளவுதான். அவசரத்தில் அம்மா அதையும் அனுப்பிவிட்டார். அப்போதுதான் வீட்டுக்குள் கொடியில் கிடந்த அப்பாவின் சட்டைகளைப் பார்த்தேன். அம்மா சொட்டு நீலம் போட்டுப் போட்டு, அவை வெள்ளையாக இருப்பதை விட்டு வெகுகாலம் ஆகிறது! நீலத்தை வெள்ளை என்று நம்பிய கேமரா, பாவம், உலகத்தையே மஞ்சளாக்கிவிட்டது.

"உங்க சட்டை வெள்ளை இல்லப்பா."

"கேமராவுக்குக் கண்ணு சரியில்ல. மாமா கொடுத்த சாமான் வேற எப்படி இருக்கும்?"

"என் அண்ணனை எதுக்கு இழுக்கறீங்க?" என்று அம்மா பாய்ந்தார். ஆர்டர் போகப்போகிற நேரத்தில் இருவரும் உங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பெருமைப்படலாம்.

நான் சமையலறைக்குள் ஓடி, பழைய ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியை எடுத்து வந்தேன். பால் நிறம், வெளிச்சம் ஊடுருவும், நீலம் படாதது. அதை லென்ஸின் மேல் பொத்தி, கோட் தொங்கும் இடத்திலிருந்து பல்பை நோக்கி ஒரு படம் எடுத்து, இதுதான் வெள்ளை என்று சொல்லிவைத்தேன். மூடியை விலக்கிக் கோட்டை எடுத்தால், அது ஊதாநீலம்! திரும்பிப் பார்த்தால், பல்பின் மஞ்சளுக்கு மட்டும் பழக்கிய கேமராவின் முன்னால் அப்பா டியூப் லைட்டைப் போட்டுவிட்டு நிற்கிறார். "இருட்டுல கஷ்டப்படறியேன்னு போட்டேன்மா." அம்மா அவர் கையைப் பிடித்துச் சுவிட்சிலிருந்து தள்ளி உட்கார வைத்தார். லைட்டை அணைத்து எடுத்தேன். சாம்பல், மாமா! அச்சு அசல் சாம்பல். "இதைத்தாம்மா கேட்டேன்" என்றார் மேனேஜர். அம்மா அந்த மூடியை முந்தானையால் துடைத்து, கண்ணாடி அலமாரியில் என் பரிசுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

அத்தைக்கு என் வணக்கம். கேமராவை நாளைக்கே அனுப்பிவிடுகிறேன். கையேட்டை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாமா?

இப்படிக்கு,
நிம்மதியாக மூச்சுவிடும் உங்கள் மருமகள்

பி.கு.: கேமரா நாளைக்கு வராது. மேனேஜர் மறுபடியும் கூப்பிட்டார். ஆர்டர் நமக்குத்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ஓட்டல் முதலாளியம்மாவுக்கு அந்த இரண்டாவது படம், அந்த வெளிர் பிஸ்கட்தான் பிடித்துப்போயிற்றாம், எல்லாக் கோட்டும் அதே நிறத்தில் வேண்டுமாம். அம்மா எல்லாத் துணிக்கடையும் ஏறி இறங்கிவிட்டார். அந்த நிறம் கேமராவில் உள்ள படத்தைத் தவிர எங்குமே இல்லை. எப்படி இருக்கும்? அது எங்கள் கூடத்துப் பல்பும் அப்பாவின் சட்டையும் சேர்ந்து பெற்ற பிள்ளை. அப்பா மட்டும் மறுபடி மார்பை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார்.