விசில் நைனாவும் ஏழு நாள் பாஸும்

உலகத்திலேயே ரயிலில் அதிக தூரம் போய், மிகக் குறைவாக ஊர் பார்த்த மனிதர் எங்கள் ராயபுரம் தெருவின் விசில் நைனாதான். இதை நான் எரிச்சலில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் எரிச்சலும் இருக்கிறது. அவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்திருந்தால் உங்களுக்கும் இருக்கும்.

கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நிலக்கரி ரயிலின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு பேசின் பிரிட்ஜுக்கும் அத்திப்பட்டுக்கும் நடுவில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். வேலை போனது, விசில் போகவில்லை. சட்டைப் பையிலேயே இருக்கும். தெருவுக்குள் தண்ணி லாரி வந்தால் ஊதுவார். கல்யாண ஜோடி காரில் ஏறினால் ஊதுவார். ஒருமுறை மாதா தேர் நகரத் தாமதமானபோது அதற்கும் ஊதி, பங்குச் சாமியார் கூப்பிட்டுக் கண்டித்தார். எதிரே வருபவர் யாராக இருந்தாலும் "இன்னா நைனா" என்பார். அதனால் அவரே நைனா ஆகிவிட்டார். ஞானஸ்நானப் பெயர் அவர் மனைவி ரோசி ஆன்ட்டிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

இப்படிப்பட்டவரிடம் போய் நான் யோசனை கேட்டேன். புத்தியைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

விஷயம் இதுதான். கல்யாணமாகி பன்னிரண்டு வருஷம் கழித்து, நானும் ஸ்டெல்லாவும் மகள் ஜெனியும் ஜப்பான் போக முடிவு செய்தோம். அங்கே சுற்றுலா வருபவர்களுக்கென்று ஒரு ரயில் பாஸ் உண்டு. ஏழு நாளைக்கு வாங்கினால், ஏழு நாளும் இஷ்டத்துக்கு ஏறி இறங்கலாம். அதை வாங்குவதா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. தினம் ஓர் ஊர் என்று ஓடினால் லாபம். ஓரிடத்தில் தங்கினால் நஷ்டம். எனக்கு ஓட ஆசை. ஜெனிக்குப் புல்லட் ரயிலில் ஒரே ஒரு தடவை ஏறினால் போதும். ஸ்டெல்லாவின் ஆசை வேறு. அவள் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். கன்டெய்னர் எங்கே, பேப்பர் எங்கே என்று காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

"வெந்நீர் ஊத்து இருக்குற ஊரு ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். அங்க நாலு நாள் நான் சும்மா உக்காரணும். அவ்ளோதாங்க எனக்கு ஜப்பான்" என்றாள்.

சும்மா உட்காருவதற்கா கடல் கடந்து போவது? எனக்கு ஆறவில்லை. அதனால்தான் காலையில் பால் வாங்கப் போன இடத்தில் விசில் நைனாவைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டேன்.

முதலில் அவருக்குப் பாஸே புரியவில்லை.

"காசு குட்த்து பாஸா? இன்னா நைனா உளர்றே? பாஸுன்றது வேலை செஞ்சவனுக்கு ரயில்வே மருவாதியா குடுக்கறது. காசு குட்த்தா அது டிக்கெட்டு."

"வெளிநாட்டுல அப்படித்தான் நைனா."

"இன்னாமோ போ. கலீஜு பழக்கம்" என்று போய்விட்டார். விட்டது சனி என்று நினைத்தேன்.

மறுநாள் காலை சரியாக ஆறு பத்துக்குக் காலிங் பெல் அடித்தது. நைனா கையில் ஒரு பழைய டைரி, காதில் பென்சில். ராத்திரி முழுக்கப் பேரனின் போனில் ஜப்பான் ரயில் நேரங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஏழு நாளில் பதினோரு ஊர். தங்குவதற்கு ஹோட்டல் ஒன்றுகூடக் கிடையாது.

"எங்க தூங்குறது நைனா?"

"வண்டில."

"அங்க ராத்திரி வண்டியே அவ்வளவா இல்லியாம்."

நைனாவின் முகம் வாடிப்போனது. "ரயிலுக்கு இன்னா நைனா தூக்கம்?" என்று முனகிக்கொண்டே போனார். அதோடு விட்டாரா? அடுத்த நாள் ஆறு பத்துக்குத் திருத்திய திட்டம். அதற்கடுத்த நாள் திருத்தியதைத் திருத்திய திட்டம். ஏழு நாளைக்கும் கட்டிக்கொண்டு போக வேண்டிய புளிசாதத்தின் அளவும் அதில் இருந்தது. பெல் சத்தம் கேட்டாலே ஸ்டெல்லா பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். நான்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து காபி போட்டுக் கொடுப்பேன். குடித்துவிட்டு, "டிகாஷன் ரவ லைட்டா கீது" என்பார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் திட்டம் எனக்குப் பிடித்திருந்தது. பாஸில் ஒரு நிமிஷம்கூட வீணாகவில்லை. நான் தலையாட்டியதைக் கவனித்த ஸ்டெல்லா, "அந்த அங்கிளுக்குத்தான் வேற வேலை இல்ல. உங்களுக்கு இன்னா வந்துச்சு?" என்று கேட்டாள். அன்றிலிருந்து என்னோடும் பேச்சைக் குறைத்துவிட்டாள்.

நைனாவுக்கே அது உறைத்திருக்க வேண்டும். "அட, பொண்ணு பயப்படுது. ஒரு ட்ரையல் பாத்துறலாம். நம்ம லைன்லயே. அப்பால பாஸு வேணுமா வேணாமான்னு அவளே சொல்லட்டும்" என்றார்.

ட்ரையலுக்கு அவர் போட்ட நிபந்தனைகளைக் கேளுங்கள். ஒன்று, கையில் பாஸ் மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். ஆகவே ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக மூன்று பேருக்கும் ராயபுரத்திலிருந்து அத்திப்பட்டு வரை ஒரு மாத சீசன் டிக்கெட் எடுக்க வைத்தார். அடுத்தது, ஜப்பானுக்குக் கொண்டுபோகும் பெட்டிகளோடு வர வேண்டும். காலிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு இந்த ஏமாத்து வேலை?" என்று சொல்லி, எங்கள் வீட்டு அரிசி மூட்டையைப் பிரித்து மூன்று பெட்டியிலும் நிரப்பினார். காலைப் பூசையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போட்டு, அரிசியோடு கிளம்பினோம்.

எண்ணூர் வழியாகப் போகும் அந்த மின்சார ரயில் பாதையில் ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. அது அவருக்குத் தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது. இரண்டு மூன்றை விட்டால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் விசில். உடனே பெட்டியோடு இறங்க வேண்டும். அடுத்த வண்டி எப்போது வருமோ என்று பிளாட்பாரத்திலேயே நிற்க வேண்டும். வந்ததும் மறுபடி விசில், பெட்டியோடு ஏற வேண்டும். எங்கள் ரயில் பெட்டியில் ஏறிய மீன்காரம்மா ஒருத்தி, "யோவ் பெர்சு, காதுலயே ஊதிக்கினு கீறியே, இன்னா வண்டிய நீதான் ஓட்றியா?" என்று சத்தம் போட்டாள். உண்மையான கார்டு ஒருவர் தன் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்துக் குழம்பிப்போனார். நைனா அவருக்கு சல்யூட் வைத்தார்.

திருவொற்றியூரில் ஜெனி கேட்டாள். "தாத்தா, இந்த ஊர்ல இன்னா இருக்கு?"

நைனா பிளாட்பாரக் குழாயைக் காட்டினார். "தண்ணி நல்லா இருக்கும். குடி. பாத்துட்டியா? வண்டி வருது, ஏறு."

எண்ணூரில் இறங்கியபோது, முகத்துவாரத்துப் பக்கம் படகு பார்க்கலாமா என்று அவள் கெஞ்சினாள். ஆட்டோவில் போனால் கொஞ்ச தூரம்தான்.

"வெளில போனா அடுத்த வண்டி பூடும்மா. பாஸு வீணாப் பூடும்."

அத்திப்பட்டு வந்து சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது. தூரத்தில் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிந்தன. நைனா இரண்டு கையையும் விரித்து, "தோ, இதான் உன் ஃபுஜி மலைன்னு வெச்சுக்கோ!" என்றார்.

ஸ்டெல்லா பெட்டியைக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். கோபத்தில் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் குரல் உடைந்துவிட்டது.

"அங்கிள், காலைலருந்து ஏழு ஊரு எறங்கிட்டோம். நான் இன்னா பாத்தேன்னு சொல்லட்டா? ஏழு குழாய். பன்னெண்டு வருசத்துல ஒரே ஒரு லீவு அங்கிள் எனக்கு. அங்கயும் போய்க் குழாயா பாக்கணும்?"

நைனா விசிலைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவளுக்குப் பக்கத்தில், என் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"ரோசியும் இத்தயேதாம்மா சொன்னா" என்றார்.

ரயில்வே குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷத்து இலவசப் பாஸில் அந்த வருஷமே போய் வந்துவிட வேண்டும். டிசம்பர் பிறந்தால் வீட்டில் ஒரே பரபரப்பாக இருக்கும். பாஸ் வீணாகிறது என்றால் நைனாவுக்குச் சோறு இறங்காது. எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் எழுதி வாங்குவார். ரோசி ஆன்ட்டியைக் கூட்டிக்கொண்டு கவுகாத்தி வரை போய், ஸ்டேஷனில் டீ குடித்துவிட்டு, எதிர் வண்டியில் ஏறித் திரும்பியிருக்கிறார். லீவு அவ்வளவுதான் கிடைத்ததாம்.

"போற வய்ல, ஒரிசால, சிலிகா ஏரின்னு ஒண்ணு வரும். தண்டவாளத்த ஒட்டியே தண்ணி. ரோசி காசிமேட்டுல மீன்புடிக்கிற வூட்டுப் பொண்ணாச்சே. ஜன்னல்ல தலைய வெச்சிகினு, இங்க இன்னா வலை போட்றாங்கன்னு பாக்கணும், எறங்கலாமாம்பா. நாலு தபா கேட்டா. நாலு தபாவும், எறங்கனா கவுகாத்தி போவ முடியாது, பாஸு வீணாப் பூடும்னுட்டேன். அஞ்சாந் தபா அவ கேக்கவே இல்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இப்போ பாஸு கீது. அவளுக்கு முட்டிதான் பூட்ச்சு."

என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாஸு வாணாம் நைனா. வாங்கனா நீ என்ன மாரியே ஓடுவ. எனக்குத் தெரியும். உன் மூஞ்சிலயே கீது."

திரும்பி வரும்போது அவர் விசில் ஊதவே இல்லை. எனக்கு அந்த அமைதி என்னவோ போல் இருந்தது.

பாஸ் வாங்கவில்லை. ஜெனிக்காகப் புல்லட் ரயிலில் ஒரு பயணத்துக்கு மட்டும் டிக்கெட் எடுத்தோம். மிச்ச நாளெல்லாம் ஸ்டெல்லாவின் வெந்நீர் ஊற்று ஊரில்தான். இரண்டாம் நாள் எனக்குக் கால் பரபரத்தது. மூன்றாம் நாள் அடங்கிவிட்டது. அங்கே ஆற்றோரமாக ஒரு சின்ன ஸ்டேஷன். அதன் பெஞ்சில் ஸ்டெல்லா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வண்டிகள் வந்தன, போயின. பன்னிரண்டு வருஷத்தில் அவள் முகத்தை நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் காலை ஆறு பத்துக்குப் பெல் அடித்தது. இந்த முறை ஸ்டெல்லாவே போய்க் கதவைத் திறந்தாள். புல்லட் ரயில் பற்றி நைனா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எம்மா நேரம் குந்திகினு இருந்தீங்கம்மா?"

"ஒரு மத்தியானம் பூரா அங்கிள். அஞ்சு வண்டியை விட்டுட்டோம்."

"அஞ்சா!" நெஞ்சுவலி வந்தவர் போல மார்பைப் பிடித்துக்கொண்டார். "எந்தெந்த டைம் வண்டி?" என்று டைரியைத் திறந்தார். திருந்தாத ஜென்மம்.

போன டிசம்பரில் நைனா தன் பாஸை எழுதி வாங்கினார். கவுகாத்திக்கு இல்லை. சிலிகா ஏரிக்கரையில் பாலுகாவ் என்று ஒரு ஸ்டேஷன், அதுவரைக்கும்தான். ரோசி ஆன்ட்டி முட்டிக்கு பெல்ட் போட்டுக்கொண்டு, சக்கர நாற்காலியில் போய் வண்டி ஏறினார். அங்கே போனதிலிருந்து நைனாவிடமிருந்து மணிக்கொரு தடவை எனக்குப் போன். "ஸ்டெல்லாவாண்ட சொல்லு நைனா, குந்திகினுதான் கீறோம். எங்கயும் போவல. ரோசி வலைக்காரனாண்ட சண்டை போட்டுகினு கீறா. கண்ணி சின்னதா கீதாம்." பின்னால் ரோசி ஆன்ட்டியின் குரல் கணீரென்று கேட்டது. எனக்கு ஆபீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை.

அவர் ஊரில் இல்லாத அந்த நான்கு நாளும் நிம்மதியாகத் தூங்கலாம் என்றிருந்தேன். நான்கு நாளும் ஆறு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. எழுந்துபோய் டிகாஷனைக் கொஞ்சம் ஸ்ட்ராங்காக இறக்கி, இரண்டு டம்ளரில் காபி ஊற்றிவிட்டு, ஆறு பத்துக்குக் கதவைத் திறந்து பார்த்தேன்.