மானிட்டரில் உருண்டை முட்டையான விவரம்

உ

கோவில்பட்டி,
12.6.2005, ஞாயிறு.

சென்னையில் இருக்கும் மாப்பிள்ளை முத்துசெல்வம் அவர்களுக்கு, மாமனார் தங்கசாமி மிகுந்த மரியாதையுடனும் அதைவிட மிகுந்த கோபத்துடனும் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் அத்தை ராமலட்சுமியும் தீப்பெட்டி ஆபீஸும் சுகம். கம்ப்யூட்டர் மானிட்டர் ஒன்றுதான் சுகமில்லை. அவ்விடம் உங்கள் சுகத்துக்கும், ஏழு மாத வயிற்றோடு இருக்கும் என் மகள் உமாதேவியின் சுகத்துக்கும் செண்பகவல்லி அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனை நடுவில் வைத்து நாம் ஆடிய கேம் பந்தயத்தின் முடிவை நான் ஏற்கவில்லை. உமாவின் தலைப்பிரசவம் கோவில்பட்டியில்தான். இதைச் சொல்லத்தான் கடிதம். மாப்பிள்ளையைக் குறைசொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. ஆகவே உங்கள் கம்ப்யூட்டர் வேலையை மட்டும் குறைசொல்கிறேன். நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது.

இந்தப் பந்தயம் எப்படி வந்தது என்பது உங்களுக்கே தெரியும், ஆனாலும் சொல்லாமல் எனக்கு ஆறாது. தலைப்பிரசவம் பெண் பிறந்த வீட்டில் என்பது நம் பக்கத்து வழக்கம். நீங்கள் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அவள் ரயிலில் குலுங்கி வர வேண்டாம் என்று நினைத்தீர்கள். நினைத்ததைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். நீங்கள் "மாமா இஷ்டம்" என்றீர்கள். நான் "மாப்பிள்ளை இஷ்டம்" என்றேன். "அதெல்லாம் இல்லை, மாமா சொன்னாச் சரிதான்" என்று நீங்களும், "மாப்பிள்ளை சொல்லுக்கு அப்பீல் ஏது" என்று நானும் போனிலேயே ஒரு மாசத்தை ஓட்டினோம். கடைசியில் உமா உங்கள் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "ரெண்டு பேருக்கும் மரியாதை முத்திப்போச்சு! அந்த வீணாப்போன கேமையே விளையாடித் தீருங்க. ஜெயிச்சவிய சொல்லுத இடத்துல பெத்துக்கிடுதேன்" என்று கத்தினாள். ஆத்திரத்தில் அவள் சொன்னதை நாம் இரண்டு பேரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். ஒருத்தர் முகத்துக்கு நேரே ஒருத்தர் "முடியாது" என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

அந்தக் கேம் எனக்குப் புதிதல்ல. குற்றாலத்துக்குச் சீசனுக்குப் போய், குடும்பமே அருவியில் குளிக்கையில், வீடியோ கேம் கடையில் காய்ந்த தலையோடு நின்றவன் நான். ஆளுயரப் பெட்டி, அதில் நெட்டுக்குத்தலாக ஒரு படம், மேலிருந்து உருண்டைக் கல் விழும், கீழே கப்பலை நகர்த்தி அதைச் சுட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு, ஆனால் விட்டுவிட்டு வர மனசு வராது. அந்தக் கடையும் ஒருநாள் இல்லாமல் போயிற்று. தலைதீபாவளிக்கு வந்த நீங்கள், ஆபீஸ் கணக்குக்காக வாங்கி வீட்டில் வைத்திருந்த கம்ப்யூட்டரில் எமுலேட்டர் என்று ஒன்றைப் போட்டு, "பழைய மெஷின் மாதிரியே இது நடிக்கும் மாமா" என்று அதே கேமைத் திறந்தீர்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகளை நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம் என்று அன்றைக்கு அத்தையிடம் சொன்னேன். அந்த அபிப்பிராயத்தில் பாதியை இப்போது வாபஸ் வாங்கியிருக்கிறேன்.

அன்றைக்குப் படம் மானிட்டரின் நடுவில் நெட்டுக்க நின்றது, இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடந்தது. "படம் ஒல்லி, மானிட்டர் அகலம், மிச்சம் கறுப்பாத்தான் இருக்கும்" என்று விளக்கினீர்கள். காலமெல்லாம் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவனுக்கு இது புரியாதா? நீங்கள் ஊருக்குப் போன பிறகும் அப்படியேதான் இருந்தது, அப்படியேதான் ஆடினேன், நாற்பதாயிரம் பாயிண்டுக்குக் குறைந்து எடுத்ததே கிடையாது.

பந்தய நாளுக்கு முந்தின வாரம் முழுக்க நான் சங்க வேலையாக மதுரைக்கும் சாத்தூருக்கும் அலைந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் மானிட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அங்கன நீங்கள், சாட்சிக்கு உமா. இங்கன நான், சாட்சிக்கு உங்கள் அத்தை. நடுவில் போன். ஆட்டத்தைத் திறந்தால் கறுப்பைக் காணோம், படம் மானிட்டர் முழுக்கப் பரந்து கிடக்கிறது. பெரிசாகத் தெரிகிறது, நல்லதுதானே என்று நினைத்துவிட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கப்பல் எருமை மாதிரி அகன்று நின்றது. ஒரு தட்டு தட்டினால் அந்தக் கோடிக்கு ஓடுகிறது, திருப்பித் தட்டினால் இந்தக் கோடிக்கு வந்து முட்டுகிறது, நான் கல் இருக்கிற இடத்தில் சுட்டால் கல் வேறு எங்கோ இருக்கிறது. எட்டாயிரத்தில் என் கப்பல் எல்லாம் காலி. நீங்கள் போனில், "பரவாயில்லை மாமா, எனக்காக விட்டுக்கொடுத்துட்டீங்க" என்றீர்கள். தோற்றதுகூடப் பரவாயில்லை, அந்த மரியாதை இருக்கிறதே, அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

போனை வைத்துவிட்டு ஆட்டத்தை நிறுத்தி, விழுகிற கல்லை உற்றுப் பார்த்தேன். அது உருண்டையாகவே இல்லை! காப்பி டம்ளரின் வாயை அதன்மேல் வைத்தேன். உயரத்துக்குச் சரியாக இருந்தது, இரண்டு பக்கமும் பிதுங்கியது. முட்டை, மாப்பிள்ளை. படுத்த முட்டை. என் எலுமிச்சை மார்க் லேபிள் ஒருதடவை அச்சில் இழுபட்டு எலுமிச்சம்பழம் மாங்காயாக வந்தபோது லோடு மொத்தத்தையும் திருப்பி அனுப்பியவன் நான். எது வட்டம், எது முட்டை என்று எனக்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டியதில்லை.

உடனே உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள், "ஒண்ணுமில்லை மாமா, ரெசல்யூஷனை மாத்திப் பாருங்க" என்றீர்கள். நான் சிறு தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கத்தின் செயலாளர். ரெசல்யூஷன் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? "பொதுக்குழு கூடாம மாத்த முடியாது மாப்பிள்ளை, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். பின்னால் உமாவும் சிரித்தாள். மானிட்டரில் எத்தனை புள்ளியில் படம் தெரிய வேண்டும் என்பதற்கும் அதே பெயர்தான் என்று பிற்பாடு விளக்கினீர்கள். இருக்கட்டும். தீர்மானம் என்று வைத்திருக்கிற ஒரு நல்ல பெயரைப் புள்ளிக்கு வைத்தது யார் குற்றம்?

சரி என்று, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற சுடலைராஜைக் கூப்பிட்டேன். "ஏலே சுடலை, இதை உருண்டையாக்கு" என்றேன். அவன் மானிட்டரைப் பார்த்தான், அடுப்படிப் பக்கம் பார்த்தான், தொண்டையைச் செருமினான். பிறகு ரெசல்யூஷனைக் குறைத்தான். எழுத்தெல்லாம் அப்பளம் அப்பளமாகப் பொரிந்து வந்தது, முட்டை மட்டும் முட்டையாகவே இருந்தது. அடுத்து ஏதோ பில்டர் என்று போட்டான். படம் முழுக்கக் கோடு கோடாக வந்தது. "பழைய பெட்டியில இப்படித்தான் கோடு தெரியும் அண்ணாச்சி, இதுக்குன்னே கேட்டு வாங்கிப் போடுதாவ" என்றான். கொசுவலைக்குள் உட்கார்ந்து சுடுகிற மாதிரி இருந்தது, எடுத்துப்போடு என்றேன். அதற்கப்புறம் படத்தைச் சாய்த்துத் திருப்பிவிட்டு, மானிட்டரையே ஒருபக்கமாகப் படுக்கவைத்து, உருளாமல் இருக்கத் தீப்பெட்டிப் பண்டல்களை அண்டக் கொடுத்தான். உருண்டை வந்துவிட்டது! ஆனால் ஒரு மூலை பச்சை, ஒரு மூலை ஊதா என்று மானிட்டருக்கே மஞ்சள்காமாலை கண்ட மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் காலையில் கணக்கெழுத வந்த வெயிலுகந்தம்மாள், அதை நிமிர்த்த பயந்துகொண்டு, கழுத்தைச் சாய்த்தபடியே வவுச்சர் அத்தனையும் ஏற்றிவிட்டாள். சுளுக்கு இன்னும் விடவில்லை. இப்போதும் என்னைச் சாய்வாகத்தான் முறைக்கிறாள்.

வியாழக்கிழமை சுடலைராஜின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். "ஒரு டிக் இருக்கு அண்ணாச்சி" என்று முனகிக்கொண்டு எதையோ தட்டினான். படம் ஒல்லியாக நடுவில் வந்து நின்றது, இரண்டு பக்கமும் கறுப்பு, கல் டம்ளர் வாய்க்குக் கச்சிதமான உருண்டை. ஒரே மூச்சில் நாற்பத்திரண்டாயிரம் எடுத்தேன். சந்தோஷமாக ஆபீசுக்குப் போய்விட்டு மத்தியானம் சாப்பிட வந்து பார்த்தால், மறுபடியும் முட்டை! சுடலைராஜைக் கேட்டால், "யாரும் தொட்டிருப்பாவ அண்ணாச்சி" என்று மறுபடியும் அடுப்படியைப் பார்க்கிறான். எங்கள் வீட்டில் கேமைத் தொடுகிற ஆள் நான் ஒருத்தன். வெயிலுகந்தம்மாள் கணக்கோடு சரி, உங்கள் அத்தை மானிட்டர்மேல் பழைய சேலையைப் போர்த்துவதோடு சரி. அப்படியென்றால் யார்? யோசித்தேன். இன்டர்நெட்டுக்காகப் போன் வயரைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகிவிட்டுப் போனது நீங்கள். அந்த வயர் எங்கே போகிறது? சென்னைக்குத்தானே! உடனே வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். வியாழக்கிழமையிலிருந்து நம் வீட்டுப் போன் எடுக்காததற்கும், நான் இன்றைக்குப் பேனாவை எடுத்ததற்கும் அதுதான் காரணம்.

மரியாதையை ஒரு நிமிஷம் ஓரமாக வைக்கிறேன், மாப்பிள்ளை. உமா கல்யாணமாகிப் போனதிலிருந்து இந்த வீடு செத்துக் கிடக்கிறது. நானும் அத்தையும் ஒருநாளில் பேச இருப்பதைக் காலைக் காப்பியிலேயே பேசி முடித்துவிடுகிறோம். அந்தக் கேமை நான் ஆடுவதே பாதி அந்தச் சத்தத்துக்காகத்தான். உமாவின் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. உள்ளூர் டாக்டரம்மாவிடம் சொல்லிவைத்தாயிற்று. தொட்டில் கட்டுகிற கொக்கி தாங்குமா என்று நானே அதில் தொங்கிப் பார்த்துவிட்டேன், தாங்குகிறது. என் பேரப்பிள்ளை இங்கேதான் முதல் அழுகை அழ வேண்டும், நான் வாசலில் நின்று அதைக் கேட்க வேண்டும். ஒரு முட்டைக்காக இதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

ஆகவே நடந்த ஆட்டம் செல்லாது. என் உருண்டை உருண்டையாக இருக்கும்போது மறு ஆட்டம் ஆட வேண்டும். அதுவரைக்கும் நீங்கள் நேரில் வந்து நின்றாலும், உமாவே அழுது கேட்டாலும், சென்னை மண்ணை மிதிக்கமாட்டேன். கோபத்தில் இருந்தாலும் உமாவுக்குப் பிடிக்குமே என்று கடலைமிட்டாய் பார்சல் தனியாக அனுப்பியிருக்கிறேன், நீங்களும் சாப்பிடலாம். பதினாறும் பெற்று நூறாண்டு வாழுங்கள். ஆனால் எமுலேட்டரை மட்டும் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
இன்னும் தோற்காத மாமனார்,
தங்கசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் உங்கள் அத்தைக்கு இதை வாசித்துக் காட்டினேன். போன் வயரைப் பற்றிய இடம் வந்ததும், "பாவம், மாப்பிள்ளைய எதுக்கு ஏசுதீய? படத்தை அகலமா இழுத்துவிட்டது நான்தான்" என்றாள். நான் மதுரைக்கு அலைந்த வாரத்தில், எதிர்ச்சுவரில் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள், கறுப்புக் கட்டம் போட்டு. இவள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, சேலையைப் போர்த்தப் போனவள் எதையோ தட்டிவிட, கேம் திறந்துகொண்டதாம். "ரெண்டு பக்கமும் அதே கறுப்பு! மக பிள்ளைத்தாச்சியா இருக்கையில வீட்டு நடுவுல அப்படி நிக்கவிடலாமாங்க? சுடலையக் கூப்பிட்டு, கறுப்பை எடுலேன்னேன். ஒரே ஒரு டிக்குதான், எனக்கும் சொல்லிக் குடுத்துட்டுப் போனான். நீங்க திருப்பித் திருப்பி வைங்க, நான் திருப்பித் திருப்பி எடுக்கேன்" என்றாள்.

சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். எழுந்துபோய் மானிட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அந்த டிக்கை மாற்றினால் உருண்டை வரும், மறு ஆட்டத்தில் ஜெயிப்பேன், உமா இங்கன வருவாள், ஆனால் இரண்டு பக்கமும் கறுப்பு நிற்கும். எனக்கு இந்தச் சகுனத்திலெல்லாம் நம்பிக்கை கிடையாது, சங்க மேடையிலேயே பேசியிருக்கிறேன். ஆனாலும் கை போகமாட்டேன் என்கிறது, மாப்பிள்ளை. முட்டையாகவே இருக்கட்டும். தோற்றது தோற்றதுதான். பிரசவம் சென்னையிலேயே ஆகட்டும், நானும் அத்தையும் அங்கே வந்து இருந்துகொள்கிறோம். வயர் விஷயத்தில் உங்கள்மேல் சொன்ன பழியும் வாபஸ். வயரைச் செருகிவிட்டேன், ஆனால் இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் கடிதமே வருகிறது.

ஒன்றே ஒன்று. உங்கள் மானிட்டரிலும் இரண்டு பக்கமும் கறுப்புத்தானே? பிள்ளைத்தாச்சி இருப்பது அந்த வீட்டில்தான். கடிதம் கண்டதும் அந்த டிக்கை மாற்றிப் படத்தை அகலமாக இழுத்துவிடுங்கள், இது அத்தையின் உத்தரவு. இழுத்த பிறகு, இரண்டு பேரும் முட்டையிலேயே ஒரு ஆட்டம் போட்டுப் பார்த்துவிடுவோம். நான் ஒரு வாரமாக முட்டையில்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.