வாபஸ் வாங்கிய நட்சத்திரம்

மணி அலறியும் நட்சத்திரக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி, "அடி, நல்லா அடி" என்றார்.

பழைய சுரங்கத்தின் அடியில், பிரம்மாண்டமான தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவருக்கு வேலை. எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்தால், நியூட்ரினோ என்ற துகள்கள் எதையும் சட்டை செய்யாமல் மண்ணைத் துளைத்துக்கொண்டு முதலில் வந்துவிடும். வெளிச்சம் சில மணி நேரம் கழித்துத்தான் வரும். தொட்டியில் துகள்கள் சிக்கியதும் மணி அடிக்கும். உடனே உலகத்துத் தொலைநோக்கிகளுக்கெல்லாம் சொன்னால், அந்த முதல் வெளிச்சத்தைப் பிடித்துவிடலாம். அந்த ஒரு நாளுக்காகத் தலை நரைக்கும்வரை காத்திருந்தார். அடுத்த மாதம் ஓய்வு.

மணி என்னவோ பல தடவை அடித்திருக்கிறது. அத்தனையும் ஆள் விழித்திருக்கிறாரா என்று பார்க்க மேலதிகாரி ரகசியமாக அனுப்பும் ஒத்திகை. அசலுக்கும் அதற்கும் துளி வித்தியாசம் தெரியாது. அதில் மேலதிகாரிக்கு ஏகப் பெருமை.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

"சார், இன்னைக்கு ஒத்திகை பிரமாதம்."

"யோவ், நான் பல் டாக்டர்கிட்ட உட்கார்ந்திருக்கேன். எதுவும் அனுப்பலையே!"

பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது. உலகத்துக்கே செய்தி தட்டிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டுத் தொலைநோக்கிகள் திரும்பின. மனைவிக்கும் சொன்னார்.

"நிஜமாவே வெடிச்சிருச்சா? இருங்க, என் தங்கச்சிக்குச் சொல்லிடறேன்."

தங்கச்சிக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

மேலதிகாரி திரும்ப அழைத்தார். "ஐயோ, மறந்தே போச்சுய்யா! சாப்பாட்டு வேளையில ஒத்திகை பட்டனை அழுத்துன்னு குமாஸ்தாகிட்ட சொல்லிட்டு வந்தேன். யார்கிட்டயும் சொல்லிடலையே?"

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் சார்."

"மானம் போச்சு! உடனே வாபஸ் வாங்கு."

"குமாஸ்தாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவனை என்ன கேட்கிறது? கடிகாரத்தைப் பாரு. சாப்பாட்டு வேளைதானே?"

நட்சத்திரக்காரர் மன்னிப்புக் கேட்டு எழுதினார். ஒத்திகைப் பதிவு அசல் கணக்கில் கலக்கக்கூடாது என்பது அங்கே விதி. அந்தப் பதிவையும் அழித்தார். தொலைநோக்கிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஒரு வானாய்வுக் கூடத்திலிருந்து மட்டும் பதில் வந்தது: 'இனி உங்கள் செய்தியைத் திறந்துகூடப் பார்க்கமாட்டோம்.'

மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"இனி என் தங்கச்சி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

ஒரு ஆயுசு முழுக்க வீணாகப் போய்விட்டது. கரைந்த பிஸ்கட்டைக் கரண்டியால் துழாவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கதவு திறந்தது. மூச்சிரைக்கக் குமாஸ்தா நின்றார்.

"மன்னிச்சுக்குங்க சார், கேன்டீன்ல ஒரே கூட்டம், லேட்டாயிடுச்சு. ஐயா சொன்ன ஒத்திகை பட்டனை இப்போ அழுத்தட்டுமா?"