உத்தியோக வரிசையில் நின்ற சைக்கிள்கள்

சக்கரத்தைக் கண்டுபிடித்ததில் மனித குலம் பெருமைப்பட ஒன்றுமில்லை. அதை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதைக் கண்டுபிடிக்க 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் புகழ் கடலூர் முதுநகர் ஸ்டேஷன் வாசலுக்கே உரியது.

அதுவரை அங்கே அறியாமைதான் ஆட்சி செய்தது. தினமும் மஞ்சக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வந்து ரயிலேறி, சிதம்பரத்தில் குமாஸ்தா வேலை பார்க்கும் நடனசபாபதியும் பதினோரு வருஷம் அந்த அறியாமையில் சுகமாக இருந்தவர்தான். காலையில் சைக்கிளைப் புங்கமரத்தடியில் செல்லாயியிடம் தள்ளிவிட்டு ஓடுவார். கடலோரக் குப்பத்துக்காரியான செல்லாயிக்கு எழுத்து தெரியாது. யார் எந்த ரயிலில் திரும்புவார் என்பது மட்டும் தெரியும். கூடையில் முதலில் விற்க வேண்டிய மீனை மேலே வைப்பதுபோல, முதலில் வருகிறவர் சைக்கிளை முன்னால் வைப்பாள். சாயங்காலம் நடனசபாபதி வெளியே வந்தால் அவர் சைக்கிள் தெருவைப் பார்த்தபடி தயாராக நிற்கும். அந்த மரத்தடியை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

இந்தச் 'சீர்கேட்டை' ஒழிக்க 'சைக்கிள் நிறுத்தச் சீரமைப்பு உபகமிட்டி' அவதரித்தது. தலைவர் காசிநாதன் உட்பட அங்கத்தினர் மூவருக்கும் சைக்கிள் விடத் தெரியாது. ஆகவே பாரபட்சத்துக்கு இடமே இல்லை. சிதம்பரம் ஸ்டேஷன் நிலவரத்தை நேரில் ஆராய மூவரும் ஜீப்பில் போனார்கள். கோயில், இட்லி, கத்தரிக்காய் கொத்சு மூன்றும் தீர ஆராயப்பட்டன. ஸ்டேஷனுக்கு மட்டும் நேரம் போதவில்லை.

ஒன்பதாவது கூட்டத்தில் ஞானம் பிறந்தது. இனிமேல் சைக்கிள்கள் உரிமையாளரின் உத்தியோக வரிசைப்படி நிற்கும். அதிகாரிகள் முன்னால், குமாஸ்தாக்கள் நடுவில், பியூன்கள் பின்னால். உத்தியோகம் இல்லாதவர்கள் சாக்கடை ஓரம். ஒவ்வொரு சைக்கிளுக்கும் காவலாள் கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டும்.

பயணிகள் சார்பில் ஒருவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமென்று காசிநாதன் நடனசபாபதியைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஒங்க வண்டிக்கு ரெண்டாவது வரிசையில எடம் போட்டிருக்கோம். இங்க ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

செல்லாயி என்ன ஆவாள் என்று நடனசபாபதி மெல்லக் கேட்டார். எழுதத் தெரியாதவளை அவ்வளவு பெரிய பொறுப்பில் வாட்டக் கூடாது, அவள் நன்மைக்குத்தான் விடுவிக்கிறோம் என்றார் தலைவர். நடனசபாபதிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் இரண்டாவது வரிசை என்பது லேசான விஷயமா? பெயருக்கு அடியில் ஒரு சுழியும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்.

திட்டம் அமலுக்கு வந்தது. ஜீப்பில் போகிற அதிகாரிகள்கூட அந்தஸ்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், வீட்டில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களை அனுப்பி முன் வரிசையில் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்தார்கள். பூட்டியவை பூட்டியபடியே இருந்தன. சாயங்கால ரயிலில் வந்திறங்கிய அறுபது பேருக்கும் பின்னால் நின்ற தங்கள் சைக்கிளை வெளியே எடுக்க வழியில்லை.

"மாமா, தூக்குனா அதிகாரி வண்டி மேல படும். நடந்துடலாம்" என்றான் நடனசபாபதியின் பக்கத்து வீட்டுப் பியூன் சிங்காரம்.

மூன்று மைல் நடந்தார்கள். மறுநாளும் நடந்தார்கள். ஒரு வாரம் கழித்து உபகமிட்டி விசாரணை நடத்திக் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டது. பதினோரு வருஷமாகப் பயணிகளுக்குக் கேட்ட உடனே சைக்கிளைக் கொடுத்து, பொறுமையில்லாதவர்களாகக் கெடுத்து வைத்தவள் செல்லாயி. ஆகவே அவளை ஸ்டேஷன் பக்கமே விடக்கூடாது. அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டிய இந்த உத்தரவிலும் பயணிகள் சார்பில் கையெழுத்து தேவைப்பட்டது. நடனசபாபதி போட்டார். இந்தத் தடவை சுழி போடவில்லை.

அன்று சாயங்காலம் நடந்து போகும்போது, பாலத்தடியில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த செல்லாயி அவரைப் பார்த்துவிட்டாள். சைக்கிள் எங்கே என்று விசாரித்தாள். அவர் கமிட்டியையும் காலத்தையும் நொந்துகொண்டு, எல்லாம் ரொம்பக் கெட்டுப்போய்விட்டது என்றார்.

செல்லாயி கருவாட்டை மொய்த்த ஈயை விரட்டினாள்.

"எனக்குக் கையெழுத்து போடத் தெரியாதுன்னு அனுப்பிட்டாங்க, சரி. தெரிஞ்ச நீங்க எதுக்கு சார் போட்டீங்க?"