கரியாலூர் போன பெட்டியில் நான் இல்லை

கள்ளக்குறிச்சி,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய சாதுல்லா மாமு அவர்களுக்கு, தங்கள் அக்கா மகன் அஷ்பாக் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கு நான் நலம். மற்றவர்கள் கடிதத்தில் இது மரியாதைக்கு எழுதுகிற வரி. என் கடிதத்தில் இதுதான் தலைப்புச் செய்தி. ஆகவே இன்னொரு முறையும் எழுதுகிறேன்: நான் நலம், உயிரோடு இருக்கிறேன், மதியம் அம்மி செய்த கறிக்குழம்புக்கு மறு சோறு வாங்கிச் சாப்பிட்டேன். சின்னசேலத்தில் உங்கள் வீட்டு வாசலில் போட்ட ஷாமியானாவை இன்னும் பிரிக்கவில்லை என்றால் தயவுசெய்து பிரித்துவிடவும். சேலத்திலிருந்து அழுதுகொண்டே ரயிலேறி வந்த சொந்தக்காரர்களுக்கு என் ஸலாமையும் வருத்தத்தையும் சொல்லவும். மாமியின் இரத்தக் கொதிப்பு இறங்கவும் ஹப்சா பரீட்சையில் தேறவும் துஆ செய்கிறேன். நேற்றிலிருந்து நீங்கள் என் போனை எடுக்கவில்லை. அதனால்தான் எழுதி, அம்மி கையில் கொடுத்து, பஸ் ஏற்றிவிடுகிறேன். அக்காவை வாசலோடு திருப்பி அனுப்ப உங்களால் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பெருநாள் விருந்தன்று, தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் நீங்கள் சொன்னது இது: "ஐஸ் செய்யற பொட்டியாம், தூக்கிக்கினு போற பொட்டியாம்! டேய், இந்த மாசம் முடியறதுக்குள்ள கரியாலூர் கடைத்தெருவுல உன் பொட்டி செஞ்ச ஐஸ் நாலு கட்டி எடுத்துக் காட்டு. அப்புறம் நீ இன்னா வேணா செய்யி. இல்லேன்னா திங்கக்கிழமை காலையில வந்து கம்பெனி கல்லாவுல உக்காரு." மாதம் இன்றோடு முடிகிறது, அந்தத் திங்கட்கிழமை நாளைக்கு. உங்கள் ஐஸ் கம்பெனி கல்லா உங்களுக்கு சிம்மாசனமாக இருக்கலாம். டிப்ளமோ படித்துவிட்டு அதில் உட்கார்ந்து ரசீது கிழிப்பது எனக்கு ஆயுள் தண்டனை. அதிலிருந்து தப்பிக்கத்தான் இந்தப் பெட்டி என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது பாதிதான் உண்மை.

மீதிப் பாதியின் பெயர் குஞ்சம்மாள். கோமுகி அணையில் பிடிக்கிற கெண்டையை விடிகாலையில் வாங்கி, கச்சிராயபாளையத்தில் சர்புதீன் பாய் கடையில் உமியில் புதைத்து வைத்திருக்கிற உங்கள் கம்பெனி பார் ஐஸை உடைத்துக் கூடையில் போட்டுக்கொண்டு, மலை பஸ்ஸில் கரியாலூர் போய் விற்கிறவர். முதல் வளைவு ஏறுவதற்குள் கூடை ஒழுக ஆரம்பித்துவிடும். கண்டக்டர் விசில் அடிப்பார். "எம்மா, பஸ்ஸு முழுக்கத் தண்ணி. எறங்கு, எறங்கு." நடுக்காட்டில் இறக்கிவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். நடந்து போய்ச் சேரும்போது மீன் நாறும். நாறின மீனுக்கு நாறின விலைதான் கிடைக்கும். இதைச் சொல்லி, மேலே ஒரு வண்டி ஐஸ் அனுப்புங்கள் என்று உங்களைக் கேட்டேன். "என் ஐஸ் மலை ஏறாதுடா. ஏறினா பாதி தண்ணி, பாதி நஷ்டம்" என்றீர்கள். ஆனால் சனி, ஞாயிறானால் ஐஸ் மலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது மாமு. அருவி பார்க்க வருகிறவன் காரில், சக்கரம் வைத்த கூலர் பெட்டியில், பீர் பாட்டிலுக்கு மெத்தை மாதிரி ஏறுகிறது. மலையிலிருந்து தேனும் புளியும் சாமையும் கீழே இறங்க லாரி இருக்கிறது. மேலே இருக்கிற ஜனத்துக்கு ஒரு கட்டி ஐஸ் ஏறத்தான் வழி இல்லை. இதைக் கேட்டால் நான் வாயாடி.

சரி, பெட்டிக்கு வருகிறேன். முதலில் செய்தது மின்தகடு வைத்த பெட்டி. ஒரு பக்கம் சூடாகும், மறுபக்கம் குளிரும் என்று படித்திருந்தேன். சொன்னபடி சூடானது. அதன் மேல் டீ போட்டுக் குடித்தோம். இரண்டாவது, பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரை வீட்டு இன்வெர்டரில் மாட்டியது. தண்ணீர் ஜில்லென்று ஆனது, அதே நேரத்தில் வீடே இருட்டானது, அப்பா என்னைப் பெயர் சொல்லாமல் வேறு என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டார். மூன்றாவதுதான் சரியான பெட்டி. கார் ஃப்ரிட்ஜில் வருகிற குட்டி கம்ப்ரஸர், வண்டி பேட்டரியிலேயே ஓடும். சுவருக்கு, நீங்கள் கம்பெனியில் கழித்துப் போட்ட குளிர் அறைக் கதவை அறுத்துக்கொண்டேன். அப்பா கடையின் லோடு ஆட்டோ குறுகலானது என்பதால் பேட்டரி, கம்ப்ரஸர், ஐஸ் தட்டு, மீன் வைக்கும் இடம் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்தேன். அதனால் பெட்டி வெள்ளையாக, நீளமாக, ஒரு ஆள் படுக்கிற அளவில் அமைந்துவிட்டது. இந்த அளவை நினைவில் வையுங்கள். ஒரே ஒரு சிக்கல்தான் மிச்சம். கம்ப்ரஸர் சாய்ந்தால் உள்ளே இருக்கிற ஆயில் குழாயில் ஏறி அடைத்துக்கொள்ளும். கள்ளக்குறிச்சி ரோட்டில் ராஜா மாதிரி ஓடுகிறது, மலை வளைவில் மூச்சு முட்டுகிறது. யோசித்தேன். தொட்டில் ஆடினாலும் குழந்தை கவிழ்வதில்லையே! அம்மியின் நிக்காஹ் துப்பட்டாவை நாலாக மடித்துக் கம்ப்ரஸரை அதில் தொங்கவிட்டேன். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது நேராகவே நின்றது. இந்தத் துப்பட்டா விஷயம் கடிதத்தைக் கொண்டு வருகிற ஆளுக்குத் தெரியாது. நீங்களும் சத்தமாகப் படிக்க வேண்டாம்.

நேற்றுக் காலை கிளம்பினோம். வண்டி ஓட்டியது வெற்றிவேல். உங்களுக்குத் தெரியும், கரும்பு வெட்டுகிற வீட்டுப் பையன், என்னோடு பத்தாவது வரை படித்தவன். குஞ்சம்மாள் மீனைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்து, புழுதிக்காக முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பின்னால் பெட்டியோடு ஒட்டிப் படுத்து, அது குலுங்காமல் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இது நம்பிக்கைக் குறைவு இல்லை, முன்ஜாக்கிரதை. வெயிலுக்காக என் மேல் மட்டும் தார்ப்பாயைப் போர்த்தினோம். அப்போது வெற்றிவேல், "புது மெஷினுடா, மொட்டையா கெளம்பக்கூடாது" என்று சொல்லி, பெட்டி மேல் ஒரு பெரிய ரோஜா மாலையைச் சாத்தி, சந்தனம் வைத்து, ஊதுவத்தி நாலைக் கொளுத்தி மூடியில் செருகிவிட்டான். எனக்கு ஆட்சேபனை இல்லை. பூவும் புகையும் கம்ப்ரஸரைக் கெடுக்காது.

மாமு, நான் தார்ப்பாய்க்கு அடியில இருந்தேன். வெளியே எப்படித் தெரியுதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? கச்சிராயபாளையத்துல டீக்கடையாண்ட வண்டி நின்னுச்சு. ஒரு பெரியவரு குரல் கேட்டுச்சு. "எத்தினி வயசு தம்பி?" பெட்டியத்தான் கேக்கறாருன்னு வெற்றிவேலு பெருமையா, "மூணு மாசந்தான் ஆவுதுங்க." "அட பாவமே! பச்சப்புள்ளைக்கா இம்மாம் பெரிய பொட்டி?" "உள்ள மீனும் இருக்குதுங்க." பெரியவரு செருப்புச் சத்தம் வேகமா தூரப் போச்சு. கொஞ்ச நேரம் நின்னுட்டு வண்டி கெளம்புச்சு. ஊரு தாண்டினதும் கரும்பு வெட்டிக்கினு இருந்த பொம்பளைங்க ஓடியாந்து ரோட்டோரம் நின்னு ஒப்பாரி வெச்சாங்க. ஒரு அம்மா, "பத்து ஊரு கலங்குதய்யா"ன்னு எடுத்த ராகத்துல எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. யாரோ செத்துட்டாங்க போல, பாவம்னு நெனச்சுக்கினு படுத்திருந்தேன். அடிவாரத்துல செக்போஸ்ட். தக்காளிக் கூடையக் கூட கிளறிப் பாக்கறவங்க மாமு அவங்க. நேத்து தொப்பிய கழட்டிட்டு, கட்டையத் தூக்கிட்டு, "போங்கப்பா, போங்க." மேல ரெண்டாவது வளைவுல எதுக்க மலை பஸ்ஸு. அதே கண்டக்டரு. விசில் அடிச்சு பஸ்ஸ ஓரங்கட்டச் சொல்லி, எறங்கி நின்னு கும்புட்டாராம். முன்சீட்டுல உக்காந்திருந்த குஞ்சம்மாளத்தான் இதே ரோட்டுல எறக்கிவிட்டவரு! உயிரோட கூடையத் தூக்கிக்கினு போறவளுக்கு நிக்க எடம் இல்ல, பொணத்துக்கு முழு ரோடும் விட்டுத் தர்றாங்க. இந்த மலையில மரியாதையா ஏறணும்னா செத்துட்டுத்தான் ஏறணுமா?

கரியாலூர் கடைத்தெருவுல வண்டி நின்னுச்சு. சத்தமே இல்ல. எட்டிப் பாத்தா கூட்டம் கூட்டமா ஜனம், கடையெல்லாம் பாதிக் கதவு சாத்தியிருக்கு, டீ மாஸ்டரு ஒரு மாலை வாங்கியாந்து கையில வெச்சுக்கினு நிக்கறாரு. எனக்கு ஒரே புழுக்கம். தார்ப்பாய தள்ளிட்டு எழுந்து உக்காந்தேன். அவ்வளவுதான் மாமு. டீ மாஸ்டரு மாலையோட பொட்டிக்கடைக்கு அந்தாண்ட போயிட்டாரு. ஒரு நாயி கூட மிச்சம் இல்ல. பெட்டிய நானே எறக்கி, மூடியத் திறந்து, தெருவுக்கு நடுவுல நின்னு ஐஸ அள்ளிக் காட்டினேன். நாலு கட்டி கேட்டீங்க, கை நெறைய காட்டினேன். தட்டில் சதுரமாக உறைய வேண்டியது, கோணல்மாணலாக உறைந்திருந்தது. கொண்டை ஊசி வளைவில் ஐஸ் எப்படி உறையும் என்று இதுவரை யாரும் ஆராய்ந்ததில்லை, நான்தான் முதல். ஒன்றிரண்டில் உமி ஒட்டியிருந்தது. மலைக்காற்று அப்படி.

ஓடினவர்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள், ஆனால் ஒருத்தரும் ஐஸை வாயில் வைக்கவில்லை, மீனையும் தொடவில்லை. "பொணப் பொட்டியில வந்தது"ன்னு மூலைக்கு மூலை முணுமுணுப்பு. குஞ்சம்மாள் இடுப்புல கைய வெச்சுக்கினு நடுத்தெருவுல எறங்கினாங்க. "இன்னாய்யா, வெயில்ல நாறுன மீனை மோந்து பாத்து, பேரம் பேசி, கம்மி வெலைக்கு வாங்கித் தின்னப்ப இனிச்சுது. இன்னைக்கு வெறைச்ச மீனு கசக்குதா? எந்தப் பொணம் எழுந்து உக்காந்து ஐஸு விக்குது? அதோ, அந்தப் பொணம் இன்னும் டீ கூடக் குடிக்கல, அதுக்கு ஒரு டீ போடுங்க!" எனக்கு டீ வந்தது. மீன் எல்லாம் போனது. கேட்ட விலைக்கே போனது.

அப்போதுதான் என் போனுக்கு சிக்னல் வந்தது, கூடவே நான் இறந்துபோன செய்தியும் வந்தது. சர்புதீன் பாய் தன் கடை வாசலிலிருந்து என் அப்பா கடை வண்டியைப் பார்த்திருக்கிறார். வெற்றிவேல் ஓட்டுகிறான், மாலை போட்ட பெட்டி இருக்கிறது, என்னை மட்டும் காணோம். கணக்குப் போட்டு உங்களுக்குப் போன் அடித்துவிட்டார். அவர்தான் அவசரப்பட்டார், நீங்களாவது யோசித்திருக்க வேண்டாமா? நம் ஜனம் எப்போது மாமு மய்யித்துக்கு, செத்த உடம்புக்கு, மாலை போட்டது? எப்போது ஊதுவத்தியைச் செருகி மலைக்குக் கொண்டு போனது? கபரஸ்தான் கீழே இருக்க, என்னைப் புதைக்க எதற்குக் கரியாலூருக்கு ஏற்ற வேண்டும்? மூளை இல்லாத செய்தியை நம்புவதற்கும் பாசம் வேண்டும் என்று அம்மி சொல்கிறார். ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாசத்தில் நீங்கள் அம்மிக்குப் போன் செய்து அழுதபோது, அம்மி எதையோ அழுத்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். தெருவே கேட்டது: "அக்கா, கல்லாவுல உக்காருன்னு சொல்லிச் சொல்லியே புள்ளைய சாவடிச்சுட்டேன் அக்கா! அவன் பொட்டியே செஞ்சுக்கினு இருந்திருக்கட்டும். கம்பெனி பின்னால இருக்கற ஷெட்டைக் குடுத்திருப்பேன், பழைய வண்டியக் குடுத்திருப்பேன்!" பிறகு கரியாலூரிலிருந்து நான் உங்களுக்குப் போன் போட்டு "மாமு, நான்தான்" என்றேன். நீங்கள் "யா அல்லாஹ்" என்றீர்கள், அப்புறம் திட்டினீர்கள், அப்புறம் வைத்துவிட்டீர்கள். இறந்தவனுக்குக் கொடுத்த வாக்கை, அவன் சாகவில்லை என்ற ஒரே குற்றத்துக்காகத் திரும்ப வாங்குவது நியாயமா? தொழுகைக்கு முன்வரிசையில் நிற்கிறவர் நீங்கள். செத்திருந்தால் ஷெட், உயிரோடு வந்தால் கல்லாவா? பந்தயத்திலும் நான்தான் ஜெயித்தேன். ஷெட் சாவியை அம்மியிடம் கொடுத்து அனுப்பவும்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், வந்த செய்தியை ஒரு தடவை விசாரித்துப் பார்க்கிற பொறுமையையும் தரட்டும். மாமிக்கும் ஹப்சாவுக்கும் ஸலாம். நானும் வெற்றிவேலும் எங்கள் பெட்டியும் உங்கள் துஆவை எதிர்பார்க்கிறோம்.

தங்கள் அன்புள்ள, உயிருள்ள,
அஷ்பாக்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால் இதை வெற்றிவேலிடம் படித்துக் காட்டினேன். "உமி"ங்கற எடத்துல அவன் தலையக் குனிஞ்சுக்கினான். கச்சிராயபாளையத்து ஸ்பீட் பிரேக்கர்லயே பேட்டரி வயரு கழண்டுடுச்சாம். விளக்கு அணைஞ்சத பாத்துட்டு, நான் தார்ப்பாய்க்கடியில பெட்டியக் கட்டிப் புடிச்சுக்கினு பாட்டு பாடிக்கினு இருந்ததால சொல்ல மனசு வரல, டீக்கடையில நிறுத்திட்டு, சர்புதீன் பாய் கடையில ஒரு பார் ஐஸ் வாங்கி ஒடச்சு உள்ள போட்டுட்டான். மூடி திறந்த சத்தத்த, மாலைய சரி பண்றான்னு நான் நெனச்சுட்டேன். குஞ்சம்மாளுக்கும் தெரியுமாம். மாலை போட்ட பெட்டிக்கு ஐஸ் வாங்கினால் சர்புதீன் பாய் வேறு என்னதான் நினைப்பார்? அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தட்டில் ஊற்றின தண்ணீர் தண்ணீராகவே இருந்ததாம்.

ஆகவே பந்தயத்தில் தோற்றேன். நாளைக் காலை கம்பெனிக்கு வருகிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் மாமு. கரியாலூரில் நான் கை நெறைய அள்ளிக் காட்டினது உங்க ஐஸு. பாதி தண்ணியும் ஆவல, பாதி நஷ்டமும் ஆவல, வழியில ஒரு சொட்டு ஒழுகல. ஏறாது ஏறாதுன்னு சொல்லிக்கினு இருந்தீங்க, மாலை மரியாதையோட ஏறிடுச்சு. கல்லாவில் என்னை உட்கார வைப்பதா, வண்டியில் ஏற்றுவதா என்பதை நீங்களே முடிவு பண்ணுங்கள். குஞ்சம்மாள் செவ்வாய்க்கிழமைக்கு ரெண்டு பார் சொல்லியிருக்காங்க, உமி போட்டு எடுத்து வைங்க. கழண்ட வயரை நான் ஈயம் வெச்சு ஒட்டிடறேன்.